கிரெசி 1346: எட்வர்ட் கொடியில் லில்லி மூன்றா, பலவா?
இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய கிரெசிப் போருக்கான பொம்மைப் படையின் கொடியில் மூன்று லில்லி (பிரெஞ்சு அரசச் சின்னமான பூ) வரைந்தீர்கள், அது தவறு என்று ஒருவர் சொன்னதாகக் கேட்டிருந்தீர்கள். மூன்று லில்லி வரைந்தது கிரெசி படைக்குத் தவறுதான். உங்களிடம் சொன்னவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். 1346-இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் கொடியில் நீலக் கட்டங்கள் முழுக்கச் சின்னச் சின்ன லில்லிகள் இறைத்துவிட்டதுபோல் இருக்கும். ஓரத்தில் வருபவை பாதி வெட்டுப்பட்டு நிற்கும். அந்த வெட்டுதான் அழகே, விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் பார்த்து வரைந்த படம் அநேகமாக அஜின்கோர்ட் போர் (1415) காலத்தது. பிரான்சில் ஐந்தாம் சார்லஸ் காலத்தில் மூன்றாகக் குறைந்தது. இங்கிலாந்தில் நான்காம் ஹென்றி காலத்தில்தான் மாறியது. படத்தின் கீழே எந்த அரசர் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

லில்லியின் மஞ்சள் பச்சையடிக்கிறது என்றீர்களே, நீலத்தின் மேல் நேரே வைத்தால் அப்படித்தான். முதலில் தந்தத்தின் நிறமுள்ள வெள்ளையில் (ivory) போட்டு, காய்ந்த பிறகு மஞ்சள் பூசுங்கள். 28 மி.மீ. பொம்மைக்கு நடுவில் ஒரு நீள்கோடு, இருபுறமும் ஒரு புள்ளி, கீழே சின்னக் குறுக்குக்கோடு போதும். ஓர் அடி தள்ளிப் பார்த்தால் லில்லியேதான்.

ஒன்று மட்டும் கவனம்: இதே கொடியை எட்வர்டின் மகனான இளவரசருக்கும் வைக்காதீர்கள். அவருடையதில் மேலே மூன்று தொங்கல் உள்ள வெள்ளைப் பட்டை வேண்டும். அப்புறம், வரைந்த கொடியை அழிக்காதீர்கள், அஜின்கோர்ட்டில் போரிட்ட ஐந்தாம் ஹென்றிக்கு ஆகும்.