உப்புவெளிக் கடற்கரைக் குறும்படம்: வசனம் ஏன் இரைகிறது?

திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளிக் கடற்கரையில் எடுத்த காட்சிகளில் வசனத்தை இரைச்சல் விழுங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தரையிலிருந்து கடலை நோக்கிக் கச்சான் காற்று அடிக்கும். கமரா மைக் அதை அப்படியே வாங்கிவிடும்.

கொலர் மைக்கைச் சட்டைக்குள் நெஞ்சில் ஒட்டுங்கள், துணி உரசாதபடி இரு பக்கமும் டேப் போட்டு. ரெக்கோடரில் 80 ஹேர்ட்ஸ் லோ கட் போடுங்கள், அதற்குக் கீழுள்ள தாழ்ந்த இரைச்சலை அது வெட்டும். நடிகர் கடலைப் பார்த்து நிற்கட்டும்: காற்று முதுகில் படும், மைக் தப்பும். பின்னணியில் கடல் வராதுதான். அதைத் தனி ஷாட்டாக எடுத்து ஒட்டலாம்.

யாரும் பேசாமல் அலைச்சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதியுங்கள். எடிட்டில் வெட்டு விழும் இடத்தில் ஒலி குதிப்பதை அதுதான் மறைக்கும். பலரும் மறப்பது இதைத்தான்.

ஏசி அறையிலிருந்து வந்ததும் லென்ஸில் பனி படியும். கமரா அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

இவ்வளவு பாடுபட்டதற்கும் கூலி விடியலில் கிடைக்கும். சூரியன் கடலிலிருந்து எழும் முதல் அரை மணி நேரம் முகத்துக்கு லைட்டே வேண்டாம்.