உலையைப் பிரிக்கும் வேலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மூடப்பட்ட அணுமின் நிலையங்களைப் பிரித்து அகற்றும் தொழில் உலகெங்கும் பெருகி வருகிறது. அதைப் பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கிண்ணியா வாசகர்: என் மகன் கட்டாரில் எட்டு வருடம் வெல்டராக இருந்தவர். ஐரோப்பாவில் அணுமின் நிலையங்களை உடைக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு ஏஜென்சிக்காரர் ஏழு லட்சம் ரூபாய் கேட்கிறார். அப்படி ஒரு வேலை உண்டா? அங்கே என்ன செய்வார்கள்?

வேலை உண்டு. உலகில் இதுவரை 200க்கும் மேற்பட்ட அணுமின் உலைகள் நிரந்தரமாக மூடப்பட்டுள்ளன. அவற்றில் முற்றாகப் பிரித்து முடித்தவை சொற்பம்தான். ஜேர்மனி தன் கடைசி மூன்று உலைகளையும் 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தியது. பிரித்தானியாவின் பழைய மெக்னொக்ஸ் வகை உலைகள் எல்லாம் 2015உடன் நின்றுவிட்டன. 1970களிலும் 80களிலும் கட்டியவற்றின் காலம் முடிந்துகொண்டு வருகிறது.

ஆனால் 'உடைப்பது' என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். கட்டடத்தை இடிப்பது கடைசி வேலை, இருப்பதில் இலகுவானதும் அதுதான். அதற்கு முன் பத்துப் பதினைந்து வருடம் நடப்பதெல்லாம் பிரிப்பதும் அளப்பதும்.

முதலில் எரிபொருளை வெளியே எடுத்து நீர்த்தொட்டியில் சில வருடம் ஆறவிடுவார்கள். பிறகு உருக்கு உருளைகளில் அடைத்து, கொங்கிரீட் உறைக்குள் வைப்பார்கள். நிலையத்தில் இருந்த கதிரியக்கத்தில் 99 சதவீதத்துக்கு மேல் இதோடு வெளியேறிவிடும். அடுத்தது குழாய்களைக் கழுவுவது. உலைநீர் ஓடிய குழாய்களின் உட்புறத்தில் மெல்லிய துருப்படலம் இருக்கும், கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் அதில்தான் ஒட்டிக்கிடக்கும். பெர்மாங்கனேட் கரைசலால் படலத்தை இளக்கி, ஒக்ஸாலிக் அமிலத்தால் கரைத்து, கரைந்ததைப் பிசின் மணிகளில் பிடிப்பார்கள். அந்தப் பிசினும் கழிவுதான், அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

மிகக் கடினமானது உலைக்கலத்தின் உள்ளுறுப்புகளை அறுப்பது. எரிபொருளைச் சுற்றியிருந்த துருப்பிடிக்காத உருக்கின் அருகே வெறுமனே நிற்க முடியாது. ஆகவே உலைக்கலம் இருக்கும் குழியை நீரால் நிரப்பி, சில மீற்றர் நீரையே கவசமாக வைத்துக்கொண்டு, மேலே பாலத்தில் நின்று கமராவைப் பார்த்தபடி நீளக் கம்பிக் கருவிகளாலும் தொலை இயக்கிகளாலும் அறுப்பார்கள். பட்டை வாளும் வட்ட வாளும் மெதுவாகத்தான் அறுக்கும், ஆனால் விழும் சீவல் பெரியது, பொறுக்கி எடுக்கலாம். பிளாஸ்மாச் சுடர் வேகமாக வெட்டும், ஆனால் நுண்துகள் நீரிலும் காற்றிலும் பரவிவிடும். இறுக்கத்தில் இருந்த உருக்கு அறுபடும்போது வாய் மூடி வாளைக் கவ்விக்கொள்வதும் உண்டு. நீர் கலங்கி கமரா குருடாகிவிட்டால், வடிகட்டி தெளியவைக்கும் வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த வடிகட்டியும் கதிர்வீசும். அதைக் கையால் மாற்ற முடியாது.

ஒரு துண்டு எந்தப் பெட்டியில் எந்த மூலையில் உட்காரும் என்பதை அறுக்கும் முன்பே வரைந்து முடித்திருப்பார்கள். ஐந்து சென்ரிமீற்றர் பிசகினால் பெட்டி மூடாது. மூடாத பெட்டி வண்டியில் ஏறாது.

உங்கள் மகன் போன்றவருக்கு இந்த உச்ச வேலை முதலில் கிடைக்காது. குழாய் வெட்டுவது, தூக்குவளையம் ஒட்டுவது, சாரம் கட்டுவது, பாரம் தூக்குவது ஆகியவற்றுக்குத்தான் கைகள் அதிகம் வேண்டும். பொலித்தீன் கூடாரத்துக்குள், இரட்டை மேலங்கியும் முகமூடியும் அணிந்து வேலை. கட்டார் வெயிலில் நின்றவருக்கும் அந்தப் புழுக்கம் தனி. ஐரோப்பாவில் ஒரு தொழிலாளி வருடத்துக்குப் பெறக்கூடிய கதிர்வீச்சின் உச்ச அளவு 20 மில்லிசீவெர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). சட்டைப்பையில் அதை அளக்கும் டோசிமீட்டர் இருக்கும். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுத் தளத்துக்கு மாறினால், வாங்கிய அளவைப் பதியும் தனிப் புத்தகமும் கூடவே போகும்.

பணத்தைப் பற்றி: தளத்துக்குள் போக மருத்துவப் பரிசோதனை, கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சி, பின்னணி விசாரணை மூன்றும் வேண்டும். இவற்றை ஏஜென்சிக்காரரால் காசுக்கு வாங்கித்தர முடியாது. வேலை கொடுப்பவர் யார், எந்தத் தளம், என்ன ஒப்பந்தம் என்பவை எழுத்தில் வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அந்த முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் நேரில் போய் விசாரியுங்கள்.

திருகோணமலை நகரம், உயர்தர மாணவி: கோபால்ட்-60இன் அரைவாழ்வுக் காலம் ஐந்து வருடம்தானே? ஐம்பது வருடம் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு பிரித்தால் என்ன?

கணக்கு சரி. அரைவாழ்வு, அதாவது பாதியாகத் தேயும் காலம், 5.27 வருடம் என்றால், 50 வருடத்தில் கோபால்ட்-60 ஏறத்தாழ 700இல் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் அமெரிக்காவில் 60 வருடம் வரை தள்ளிப்போட இடமுண்டு. பிரித்தானியாவும் மெக்னொக்ஸ் உலைகளைப் பல பத்தாண்டுகள் பூட்டிவைக்கவே திட்டமிட்டிருந்தது.

ஆனால் காத்திருந்தால் கெடுவதும் உண்டு. எந்தக் குழாயை எப்போது மாற்றினார்கள், எந்த வால்வு கசிந்தது, எந்த இடத்து மண் நனைந்தது என்பதை அறிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விடுவார்கள். வரைபடத்தில் இல்லாத நிலத்தடிக் குழாய்தான் இந்தத் தொழிலின் பெரிய தலைவலி. கூரை ஒழுகும், பாரந்தூக்கி துருப்பிடிக்கும். மற்றக் கதிரியக்கப் பொருள்களில் சீசியம்-137இன் அரைவாழ்வு 30 வருடம், நிக்கல்-63இனுடையது ஏறத்தாழ 100 வருடம், காத்திருப்பதால் அவற்றில் பெரிய லாபமில்லை. இன்னொன்று: கோபால்ட்டின் காமாக் கதிர் இருக்கும்வரை மாசைக் கருவி சட்டென்று காட்டிக்கொடுக்கும். அது தேய்ந்த பிறகு எஞ்சும் அல்பா, பீற்றாக் கதிர் வீசும் மாசைக் கண்டுபிடிப்பது கடினம். பிரித்தானியாவே இப்போது வேல்ஸில் உள்ள ட்ரோஸ்வினித் நிலையத்தை முன்கூட்டிப் பிரிக்கும் வழிக்குத் திரும்பியிருக்கிறது. எங்கள் அபிப்பிராயமும் அதுவே: கழிவை வைக்க இடமிருந்தால் காத்திருக்க வேண்டாம்.

மூதூர் வாசகர்: சம்பூர் அனல்மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. நாளை எங்காவது அணுமின் நிலையம் என்று பேச்சு வந்தால், அதை மூடும் செலவு யார் தலையில் விழும்?

கட்டும் முன்னரே கேட்க வேண்டிய கேள்வி இது. உலகில் மூன்று வழிகள் உண்டு. பிரித்தானியாவில் பழைய தளங்களுக்கு அரசே, அதாவது வரி கட்டும் மக்களே, கொடுக்கிறார்கள். 2005இல் அதற்கென ஓர் அதிகாரசபை அமைத்தார்கள். ஜேர்மனியில் பிரிக்கும் செலவு மின் கம்பனிகளுடையது. கழிவைப் பாதுகாக்கும் பொறுப்பை மட்டும் அரசு ஏற்று, அதற்காகக் கம்பனிகளிடமிருந்து 2017இல் சுமார் 24 பில்லியன் யூரோவை ஒரே தடவையில் வாங்கி நிதியமாக்கியது. அமெரிக்காவில் மின்சாரம் விற்கும் காலத்திலேயே நிதியம் சேர்ப்பார்கள். நம் ஊழியர் சேமலாப நிதி போலத்தான், வேலை செய்யும் காலத்தில் ஓய்வுக்குச் சேர்ப்பது.

இந்தத் தொழில் 'சந்தை' ஆனது அமெரிக்காவில்தான். மூடிய நிலையத்தை உரிமத்தோடும் நிதியத்தோடும் ஒரு பிரிப்புக் கம்பனி வாங்கிவிடும். சேர்ந்த பணத்துக்குள் வேலையை முடித்தால் மிச்சம் அவர்களுக்கு லாபம். வெர்மொன்ட் யாங்கி நிலையம் 2019இல் அப்படிக் கைமாறியது. வேகத்துக்கு இது நல்ல தூண்டுதல்தான். நிலத்தடி நீரில் எதிர்பாராத மாசு கிளம்பினால் நிதியம் வற்றிவிடும், வற்றிய பின் அந்தக் கம்பனி நிற்குமா என்பதுதான் கேள்வி. சந்தை இவ்வளவு பில்லியனாகும் என்று வரும் அறிக்கைகளையும் அப்படியே நம்ப வேண்டாம். மிச்சிகனில் உள்ள பலிசேட்ஸ் நிலையம் 2022இல் மூடப்பட்டு, பிரிப்பதற்கென்றே விற்கப்பட்டது. வாங்கிய கம்பனியே பிறகு அதை மீண்டும் இயக்கத் திருப்பிவிட்டது.

அயலில் உள்ள இந்தியாவில் ஒரு அலகு அணுமின்சாரத்துக்கு 2 பைசா இதற்கென வசூலிக்கப்படுகிறது. 1000 மெகாவாற்று உலை 80 சதவீதம் ஓடினால் வருடத்துக்கு ஏறத்தாழ 700 கோடி அலகு, அதாவது 14 கோடி இந்திய ரூபாய். நாற்பது வருடத்தில் வட்டி இல்லாமல் 560 கோடி. அமெரிக்காவின் மெயின் யாங்கி நிலையத்தை 1997இலிருந்து 2005க்குள் பிரித்து முடிக்க ஏறத்தாழ 50 கோடி டொலர் போனது. கூலி வித்தியாசத்தைக் கழித்தாலும் 2 பைசா போதுமென்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த மெயின் யாங்கியை இன்று போய்ப் பார்த்தால் உலையில்லை, குவிமாடமில்லை. ஆனால் கொங்கிரீட் தளத்தில் 64 பெரிய உருளைகள் வேலிக்குள் காவலுடன் நிற்கின்றன. அமெரிக்காவில் எரிபொருள் கழிவுக்கு நிரந்தரக் கிடங்கு இல்லாததால் அவை போக இடமில்லை. ஆகவே, உலை வேண்டுமா என்று கேட்பவரிடம் நீங்கள் மூன்று காரியம் கேளுங்கள்: ஒரு அலகுக்கு எவ்வளவு சேர்ப்பீர்கள்? அந்தப் பணம் திறைசேரி கைவைக்க முடியாத தனிக் கணக்கில் இருக்குமா? எரிந்த எரிபொருளை விற்றவரே திருப்பி எடுப்பாரா?

புல்மோட்டை வாசகர்: நம் கனிய மணலுக்கும் இந்தத் தொழிலுக்கும் தொடர்பு உண்டா?

கொஞ்சம் உண்டு. எரிபொருள் குழல்கள் சிர்க்கோனியக் கலவையால் ஆனவை, அதன் மூலக்கனிமம் உங்கள் மணலில் உள்ள சிர்க்கோன். மற்றது கார்னெட். உயரழுத்த நீர்த்தாரையில் கார்னெட் மணலைக் கலந்து உருக்கை அறுக்கும் முறை உண்டு. ஒரு நிமிடத்துக்கு அரைக் கிலோ அளவில் மணல் போகும். மணிக்கு 20, 30 கிலோ. அறுத்து முடிந்ததும் அத்தனையும் குழியின் அடியில் கதிரியக்கச் சேறாகக் கிடக்கும், அதையும் அள்ளி அடைக்க வேண்டும். அதனால் வாளால் அறுக்க முடிந்த இடத்தில் மணலைத் தவிர்ப்பார்கள். இதை நம்பி மணல் ஏற்றுமதித் திட்டம் போட வேண்டாம்.

உப்புவெளி வாசகி: வீடு கட்டுகிறோம். உலைகளிலிருந்து கழற்றிய இரும்பு உருக்கப்பட்டு நம் கம்பியில் கலந்து வருமா?

உருக்கப்படுவது உண்மை. சுவீடனின் ஸ்டுட்ஸ்விக்கில் அதற்கென்றே இரும்பு உருக்கும் உலைகள் உண்டு. ஜேர்மனியின் ஸ்டாட நிலையத்து நீராவி ஆக்கிகள் நான்கையும் 2007இல் கப்பலில் அங்கே கொண்டு போனார்கள். உருக்கும்போது சீசியம் புகைத்தூசிக்கும் கசடுக்கும் போய்விடும், கோபால்ட் இரும்பிலேயே தங்கிவிடும். அதனால் ஒவ்வொரு வார்ப்பிலும் மாதிரி எடுத்து அளப்பார்கள். கோபால்ட்-60க்கும் சீசியம்-137க்கும் சர்வதேச விடுவிப்பு அளவு, அதாவது சாதாரண இரும்பாக வெளியே விடக்கூடிய உச்சம், ஒரு கிராமுக்கு 0.1 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அந்த அளவுக்குள் வந்த இரும்பினால் ஒருவருக்கு வருடத்துக்கு 10 மைக்ரோசீவெர்ட், அதாவது ஒரு மில்லிசீவெர்ட்டில் நூறில் ஒரு பங்கு அளவே சேரும். வீட்டுக் கம்பிக்காகப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறிடத்தில். கம்பியில் கோபால்ட் கலந்த பெரிய சம்பவம் மெக்சிகோவில் 1983இல் நடந்தது. அது அணுமின் நிலையத்திலிருந்து வரவில்லை, பழைய இரும்பாக விற்கப்பட்ட புற்றுநோய் சிகிச்சை இயந்திரத்திலிருந்து வந்தது. 1987இல் பிரேசிலின் கோயானியாவில் அப்படியொரு இயந்திரத்தைக் கழற்றியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2010இல் டில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு வந்த கதிரியக்கப் பொருளால் ஒருவர் இறந்தார். நிலையத்து இரும்பை ஒவ்வொரு துண்டாக அளக்கிறார்கள். கைவிடப்பட்ட இயந்திரத்தை யாரும் அளப்பதில்லை.

பழைய இரும்பு வாங்கி விற்பவர்கள் உங்கள் பக்கத்தில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். அளவுக்கு மீறிய கனமுள்ள சிறிய ஈயப் பாத்திரம், மஞ்சளில் மூன்று இதழ் கொண்ட அடையாளம், ஓடும் மனிதனும் மண்டையோடும் வரைந்த சிவப்பு முக்கோணம், விரல் நுனி அளவு வெள்ளி நிறக் குப்பி: இவற்றில் எதைக் கண்டாலும் அறுக்கக்கூடாது, தட்டிப் பார்க்கக்கூடாது, சட்டைப்பையில் போடக்கூடாது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு எல்லோரும் விலகி, பொலிஸுக்கும் இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவைக்கும் அறிவியுங்கள். ஏற்கெனவே கையில் எடுத்தவர் இருந்தால் கையைக் கழுவி, உடுப்பை மாற்றித் தனிப் பையில் கட்டிவைத்து, என்ன தொட்டேன், எவ்வளவு நேரம் என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வாந்தி அன்றைக்கே வரலாம், தோல் சிவப்பதற்கு நாட்கள் ஆகலாம். சிவக்கும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.