ஜியாலஜி படிக்கலாமா? பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

வேலந்தாவளம் மாணவி: அண்ணா, பிளஸ் டூ முடித்துவிட்டேன். ஜியாலஜியா, சுற்றுச்சூழல் அறிவியலா?

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர ஆசை என்றால் ஜியாலஜி, அதாவது பாறையையும் மண்ணையும் படிக்கும் நிலவியல், எடும்மா. யுபிஎஸ்சி தேர்வில் ஜியாலஜிஸ்ட் பதவிக்கு நிலவியல் சார்ந்த முதுகலை கேட்பார்கள். சுற்றுச்சூழல் முதுகலையை மட்டும் வைத்து விண்ணப்பிக்க முடியாது. நீர் மாசு, கழிவு மேலாண்மையில் மனம் போனால் அதையே படி. எதுவானாலும், ஃபீல்டுக்கு ஒழுங்காகக் கூட்டிப் போகிறார்களா என்று சீனியர்களிடம் விசாரித்துவிட்டுச் சேர். பாறையைத் தொடாமல் வாங்கும் பட்டம் வேண்டாம்.

சித்தூர் மாணவர்: வேலை கிடைக்குமா சார்?

மேலே சொன்ன தேர்வுதான். மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதிலேயே ஆள் எடுக்கிறார்கள்.

நாட்டுக்கல் விவசாயி: தம்பி, கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்த இடத்தில் எனக்குத் தண்ணீர் வந்தது. இதற்குப் படிப்பு எதற்கு?

ஐயா, உங்கள் பழைய கிணற்றை எட்டிப் பாருங்கள். மேலே மண், அதன் கீழே கையால் உதிர்க்கக்கூடிய மக்கிய பாறை, அப்புறம் கருங்கல். அந்தக் கல்லில் சாய்வாக ஓடும் வெடிப்பு ஓரத்தில் மட்டும் ஈரம் கசியும். நம் பக்கத்துத் தண்ணீர் மக்கிய அடுக்கிலும் வெடிப்பிலும்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நிலத்தில் நான்கு கம்பி அடித்து, வெளிக் கம்பிகளில் மின்சாரம் விட்டு, உள் கம்பிகளில் மின்னழுத்தம் அளக்கிறோம். நீர் ஊறிய அடுக்கில் மின்தடை குறையும். களிமண்ணிலும் குறையும். இரண்டையும் பிரித்தறியத்தான் படிப்பு.

அவரே: மெஷின் வைத்துப் பார்த்த போரும் (ஆழ்துளைக் கிணறும்) வறண்டதே?

உண்மை. ஆழத்தில் இருக்கும் மெல்லிய வெடிப்பு அந்த அளவீட்டில் சிக்காமல் போகும். ஆனால் தேங்காய் பார்த்து வறண்ட போர்களையும் எண்ணுங்கள் ஐயா. ஊரில் யாரும் அவற்றைப் பேசுவதில்லை. சித்தூர் பிளாக்கை அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் முன்பு பட்டியலிட்டிருக்கிறது. இந்த நிலையில் இன்னும் ஆழமாகத் துளைப்பதைவிட மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதுதான் முக்கியம். அதற்கும் எந்த இடத்தில் இறங்கும் என்று பாறை தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

மீனாட்சிபுரம் மாணவர்: எந்தக் கல்லூரி?

கேரளத்தில் திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி காலேஜ், காசர்கோடு அரசுக் கல்லூரி. தமிழ்நாட்டில் சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி. ஐஐடியில் எம்.எஸ்சி. வேண்டுமென்றால் ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு எழுது.

பொள்ளாச்சி மாணவர்: ஜியாலஜி படித்தால் வேலை கிடைக்குமா?

இரண்டாவது பதிலைப் படி தம்பி. அதோடு ஃபீல்டு பற்றி முதல் பதிலில் சொன்னதையும் விட்டுவிடாதே.

கோவிந்தாபுரம் மாணவி: பெண்கள் ஃபீல்டுக்குப் போக முடியுமா அண்ணா?

தாராளமாக. நல்ல ஷூ, சுத்தியல், காம்பஸ், லென்ஸ் வாங்கு. வீட்டில் தயங்கினால் துறைப் பேராசிரியரிடம் நேரில் பேசச் சொல்.