பாண்டாஸை நீக்கிய பிறகும் அதோடு வந்த பேக்கேஜ்கள் போகவில்லையே, என்ன செய்வது?

கேட்டவர் திருவாரூரில் படிக்கும் மாணவராம். மேட்டூர் நீர்மட்டத்தை வரைபடமாகப் போட பைதானில் பாண்டாஸ் (தகவல்களை அட்டவணையாக வைத்துக் கையாளும் பேக்கேஜ், அதாவது பிறர் எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு) இன்ஸ்டால் செய்திருக்கிறார். புராஜெக்ட் முடிந்து அதை நீக்கியும், பேக்கேஜ்களை இறக்கவும் நீக்கவும் பைதானில் இருக்கும் கருவியான பிப்பில் 'பிப் லிஸ்ட்' அடித்தால், தான் கேட்கவே கேட்காத பெயர்கள் வருகின்றன என்கிறார். (ஜூன் 12-க்குத் தண்ணீர் திறப்பார்களா என்று அந்த வரைபடம் சொன்னால் எங்களுக்கும் சொல்லுங்கள் தம்பி.)

பாண்டாஸ் தனியாக வராது. எண் கணக்குக்கான நம்பை, தேதிகளுக்கான டேட்யூட்டில் எல்லாம் கூடவே இறங்கும். டேட்யூட்டில் தன் பங்குக்கு 'சிக்ஸ்' என்று ஒரு குட்டிப் பேக்கேஜை இழுத்து வரும். 'பிப் அன்இன்ஸ்டால் பாண்டாஸ்' என்றால் எந்தெந்த ஃபைல்கள் போகும் என்று காட்டி, சம்மதம் கேட்டு, பாண்டாஸை மட்டும் எடுக்கும். மாப்பிள்ளையை வழியனுப்பியாயிற்று, கூட வந்த சொந்தக்காரர்கள் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

சரி, அவற்றையும் ஒவ்வொன்றாக நீக்கிவிடலாமா? அவசரப்படாதீர்கள். 'பிப் ஷோ நம்பை' என்று அடித்து, 'ரிக்வயர்ட் பை' (யாருக்கெல்லாம் இது தேவை) என்ற கடைசி வரியைப் பாருங்கள். வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் வைத்திருந்தால் அதன் பெயர் அங்கே இருக்கும். அப்படியானால் நம்பை மேல் கை வைக்காதீர்கள். கொடுமை என்னவென்றால், நீங்கள் நீக்கச் சொன்னால் பிப் தடுக்காது. பிறகு 'பிப் செக்' ஓட்டினால்தான் எது குறைகிறது என்று சொல்லும். அந்த வரி காலியாக இருந்தாலும், நீங்களே எழுதிய புரோகிராம் நம்பையை நேராக இம்போர்ட் செய்கிறதா என்பது பிப்புக்குத் தெரியாது.

ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களுடைய பிப் மாதிரியான என்பிஎம்மில் ஒன்றை நீக்கினால், வேறு யாருக்கும் தேவைப்படாத துணைப் பேக்கேஜ்களும் சேர்ந்தே போய்விடும். உபுண்டு லினக்ஸின் பேக்கேஜ் கருவியான ஆப்டில், தேவைப்படாதவற்றை நீக்க 'ஆட்டோரிமூவ்' இருக்கிறது. பிப்பில் அப்படி ஒரு கமாண்ட் இல்லை.

என்னைக் கேட்டால், இப்படித் தேடித் தேடி நீக்குவதே வீண் வேலை. புராஜெக்டுக்கு ஒரு வென்வ் (அதன் பேக்கேஜ்களை மட்டும் வைக்கும் தனி ஃபோல்டர்) போடுங்கள். பைதான் 3.3 வந்த 2012-லிருந்தே அது கூடவே வருகிறது. வேலை முடிந்ததா, அந்த ஃபோல்டரையே டெலீட் செய்யுங்கள். ஒரு துரும்பு மிஞ்சாது. மறுபடி தேவைப்படலாம் என்று தோன்றினால், டெலீட் செய்யும் முன் 'பிப் ஃப்ரீஸ்' தரும் பேக்கேஜ், வெர்ஷன் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எடுத்து, அந்த ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள்.

ஊரில் செல்போன் ஹாட்ஸ்பாட்டை வைத்து ஓட்டுகிறவர்கள், திரும்ப இன்ஸ்டால் செய்தால் டேட்டா போய்விடுமே என்று பயப்படுவார்கள். பிப் தான் இறக்கியதை கேஷ் என்ற தனிச் சேமிப்பில் வைத்துக்கொள்ளும். அதே வெர்ஷன் என்றால் பெரும்பாலும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். டிஸ்க்கில் இடமே இல்லை என்றால் மட்டும் 'பிப் கேஷ் பர்ஜ்' போடுங்கள்.

உபுண்டு 23.04-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும், வென்வ் இல்லாமல் பிப்பில் இன்ஸ்டால் செய்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' (இந்த பைதானை சிஸ்டமே நிர்வகிக்கிறது) என்று எரர் வரும். அதைத் தாண்ட 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' சேர்க்கச் சொல்லி நண்பர்கள் யோசனை தருவார்கள். சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைதானை நம்பித்தான் ஓடுகின்றன. காலேஜ் லேப் மெஷினில் அதைச் செய்துவிடாதீர்கள், அடுத்த பேட்ச் உங்களைத் திட்டும்.