பச்சைத் தேக்குப் பலகை காய்ந்தபின் எவ்வளவு வளையும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

முடியும். குறுக்குவெட்டு மட்டும் போதுமென்றால் எக்செலிலேயே போட்டுவிடலாம்.

தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதமும், நடுக்கண்ணிலிருந்து (வளையங்களின் மையம்) பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதமும் சுருங்கும். பலகை வளைவது இந்த வித்தியாசத்தால்தான். நீளவாக்குச் சுருக்கம் மிகக் குறைவு, விட்டுவிடலாம். ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே சுருக்கம் தொடங்கும். 12 சதவீதத்தில் நிறுத்தினால் 18/30, அதாவது 0.6 பங்கு: 3.48, 1.5 சதவீதம். ஈரப்பதத்துக்கு, இழந்த நீரின் எடையை எப்போதும் முழுக்கக் காய்ந்த எடையால் வகுக்க வேண்டும். 100 கிராம் துண்டு முழுக்கக் காய்ந்து 80 கிராமானால் ஈரம் 25 சதவீதம், 20 அல்ல. கணக்கு முதலில் தடம்புரள்வது இங்கேதான்.

அடுத்து நடுக்கண் எங்கே என்று தெரிய வேண்டும். பெரும்பாலும் அது பலகைக்கு வெளியே இருக்கும். பலகையின் முனையில் ஒரு வளைய வில்லைப் பாருங்கள். அதன் இரு முனைகளுக்கு இடையே 80 மி.மீ., நடுவில் வில்லின் உயரம் 10 மி.மீ. என்றால், 80-ஐ வர்க்கமாக்கி 10-இன் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள்: 85 மி.மீ. ஆரம். அதை வைத்து நடுக்கண்ணைக் குறித்துவிடலாம்.

இனி இரண்டே பெருக்கல். குறுக்குவெட்டில் 5 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுக்கண்ணிலிருந்து தூரமும் கோணமும் எடுங்கள். கோணத்தை நடுக்கண்ணிலிருந்து பலகைக்கு இறக்கிய செங்குத்துக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். 1.5 சதவீதச் சுருக்கத்துக்குத் தூரத்தை 0.985-ஆல் பெருக்குங்கள். 3.48 சதவீதச் சுருக்கத்துக்குக் கோணத்தை 0.9652/0.985, அதாவது 0.98-ஆல் பெருக்குங்கள். மறுபடி வரைந்தால் காய்ந்த வடிவம் வந்துவிடும். (எக்செல் கோணத்தை ரேடியனில் எதிர்பார்க்கும், மறக்க வேண்டாம்.)

200 மி.மீ. அகலப் பலகை நடுக்கண்ணிலிருந்து 60 மி.மீ. தள்ளி அறுக்கப்பட்டிருந்தால் அகலம் 194.5 ஆகும், ஓரங்கள் நடுவைவிட 2 மி.மீ. எழும்பும். 200 மி.மீ. தள்ளியிருந்தால் எழும்புவது 0.9 மி.மீ. தான். குழிவது எப்போதும் பட்டைப் பக்கம். ஆரத்திசையில் (வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி) அறுத்த பலகை வளையாது, 197-க்குச் சுருங்கும், அவ்வளவே. கதவுப் பலகைக்கு நான் சொல்வது இதைத்தான், கழிவு அதிகமானாலும்.

முழு உருண்டைத் துண்டை இதே கணக்கில் போட்டால் 7 டிகிரி இடைவெளி விழும். 300 மி.மீ. விட்டத் துண்டில் அது ஓரத்தில் 18 மி.மீ.க்கு மேல். உருட்டுக்கட்டை பிளப்பதன் காரணம் அதுவே.

இது பலகை முழுக்க ஒரே சீராகக் காய்ந்ததாக வைத்துப் போடும் கணக்கு. ஒரு முகம் மட்டும் வெயிலில் கிடந்தால் அந்த முகம் முதலில் சுருங்கி, பலகை அந்தப் பக்கமாகக் குழியும். இடைக்கட்டை வைத்து அடுக்கிப் பாரம் ஏற்றினால் வளைவு குறையும். நார் சுழன்று ஓடும் மரத்தில் வரும் முறுக்கை இது காட்டாது. அதற்கு முப்பரிமாணக் கணக்கு வேண்டும், நாரின் சாய்வுக் கோணத்தையும் அளந்து கொடுக்க வேண்டும்.