எல்லாப் பெர்மிஷனும் குடுத்தாச்சு, ஆனாலும் பைல் திறக்குதில்லை: லினக்ஸ் கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் 11 லினக்ஸ் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெர்மிஷன் பிழை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இனிமேல் கேட்கிறவர்கள் ஒரு உதவி செய்யுங்கோ: திரையில் வந்த செய்தியைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கோ. "பெர்மிஷன் டினைட்" வேறு, "ஒப்பரேஷன் நொட் பெர்மிட்டட்" வேறு, "ரீட் ஒன்லி பைல் சிஸ்டம்" வேறு. மூன்றுக்கும் காரணமும் வேறு, மருந்தும் வேறு.

அக்கா, என்ர ப்ரொஜெக்ட் வெப்சைட் ஹோம் போல்டருக்குள்ள இருக்கு. என்ஜின்எக்ஸ் (வெப் சேர்வர்) 403 எண்டு, உள்ள விடமாட்டன் எண்ட பிழையைக் காட்டுது. பைலுக்கு 644 இருந்தது, பிறகு 777 உம் குடுத்துப் பார்த்தன். அப்பவும் அதே 403. உபுண்டு 22.04. (கொக்குவில், மாணவி)

தங்கச்சி, முதலில் அந்த 777 ஐ எடுத்துவிட்டுப் பழையபடி 644 ஆக்குங்கோ. (மூன்று இலக்கங்களும் உரிமையாளர், குறூப், மற்றவர்கள் என்ற வரிசை; வாசிக்க 4, எழுத 2, எக்ஸுக்கு 1 என்று கூட்டின எண்கள்.) பிழை பைலில் இல்லை, பைலுக்குப் போகிற வழியில் இருக்கிறது.

எங்கட பழைய நாற்சார் வீட்டை நினைச்சுப் பாருங்கோ. உள்ளறைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் சங்கடப்படலை பூட்டியிருந்தால் வந்தவர் வீதியிலேதான் நிற்க வேண்டும். பைலில் எக்ஸ் என்றால் அதை இயக்கலாம் என்று அர்த்தம். போல்டரில் எக்ஸ் என்றால் அதைக் கடந்து உள்ளே போகலாம் என்று அர்த்தம். போல்டரில் ஆர் மட்டும் இருந்தால் உள்ளே கிடக்கும் பெயர்களை வாசிக்கலாம், அவ்வளவுதான். ஆகவே வழியில் இருக்கிற ஒவ்வொரு போல்டரிலும், வருகிறவருக்கு எக்ஸ் இருக்க வேண்டும்.

நேம்ஐ என்ற கட்டளையை எல் தெரிவோடு, பைலின் முழுப் பாதையும் கொடுத்து ஓட்டிப் பாருங்கோ. போல்டர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, உரிமையாளர் பெயரோடு வரும். சாய்கோடு மட்டும் உள்ள முதல் வரியிலும், ஹோம் என்ற அடுத்த வரியிலும் பெர்மிஷன் எழுத்துகள் எக்ஸில் முடியும். அதற்கு அடுத்த, உங்கட பெயர் போட்ட வரி மூன்று சிறு கோடுகளில் முடியும். பூட்டின படலை அதுதான். உபுண்டு 21.04 இலிருந்து புதிதாக உருவாகும் ஹோம் போல்டர்களுக்கு 755 இல்லை, 750. அதனால்தான் பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்கிற பிள்ளைகள் இதில் மாட்டுப்படுகிறார்கள்.

என்ஜின்எக்ஸ் உங்கட பெயரில் ஓடுவதில்லை. உபுண்டுவில் அது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற யூஸராக ஓடுகிறது. செட்எப்ஏசிஎல் கட்டளையால் அந்த யூஸருக்கு மட்டும் உங்கட ஹோம் போல்டரில் எக்ஸ் கொடுத்தால் போதும். எனக்குப் பிடித்த வழி, தளத்தையே ஹோமை விட்டு வெளியே, வெப் சேர்வருக்கென்று இருக்கிற போல்டருக்கு மாற்றுவது. மாற்றினபிறகு சூடோவில் (இன்னொரு யூஸராக, வழக்கமாக முழு அதிகாரமுள்ள ரூட்டாக, கட்டளை ஓட்டுவது) யூ தெரிவு போட்டு, அந்த யூஸராகவே பைலை வாசித்துப் பாருங்கோ. அவருக்குத் திறந்தால் பெர்மிஷன் சரி. அதன் பிறகும் 403 வந்தால் பிழையை என்ஜின்எக்ஸின் அமைப்புப் பைலில் தேட வேண்டும்.

வணக்கம். எங்கட ரியூஷன் நிலையத்தில் நாலு ஆசிரியர்கள் ஒரு போல்டரைப் பாவிக்கிறம். எல்லாரையும் ஒரு குறூப்பில் சேர்த்தாச்சு. ஆனாலும் "பெர்மிஷன் டினைட்". (சாவகச்சேரி, ஆசிரியர்)

சேர், சேர்த்தபிறகு எல்லாரும் லொக் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தீங்களா? குறூப் பட்டியல் லொகின் செய்கிற நேரத்தில்தான் எடுக்கப்படுகிறது. ஐடி என்று மட்டும் அடித்தால் இப்போது ஓடுகிற அமர்வின் குறூப்புகள் வரும். ஐடியும் பெயரும் சேர்த்து அடித்தால் பதிவில் இருக்கிற குறூப்புகள் வரும். இரண்டும் வேறுபட்டால் பதில் அதுதான்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆளைக் குறூப்பில் சேர்க்கிற யூஸர்மொட் கட்டளையில் பெரிய ஜி மட்டும் போட்டு, சின்ன ஏ போட மறந்தால், அந்த ஆள் மற்றக் கூடுதல் குறூப்புகள் எல்லாவற்றிலும் இருந்து நீக்கப்படுவார். சூடோ குறூப்பும் அதில் போய்விடும். நிலையத்தில் சூடோ உள்ள ஒரே ஆள் நீங்கள் என்றால், அதற்குப் பிறகு ரிக்கவரி மோட்டுக்குள் போய்த்தான் சரிசெய்ய வேண்டிவரும்.

உள்ளே போக முடிந்தபிறகு அடுத்த பிரச்சினை வரும்: ஒருவர் எழுதின வினாத்தாளை மற்றவர் திருத்த ஏலாது. புதுப் பைல் எழுதினவரின் சொந்தக் குறூப்பில் பிறப்பதுதான் காரணம். போல்டருக்கு 2775 கொடுங்கோ. முன்னால் நிற்கிற 2, உள்ளே பிறக்கிற எல்லாவற்றுக்கும் போல்டரின் குறூப்பையே கொடுக்கும். யூமாஸ்க் (புதுப் பைலுக்கு எந்த உரிமைகளைக் கொடுக்கக்கூடாது என்ற எண்) 0022 ஆக இருந்தால் குறூப்புக்கு எழுதுகிற உரிமை அப்போதும் வராது. அதற்கு செட்எப்ஏசிஎல்லில் டிபோல்ட் விதி ஒன்று போட்டுவிடுங்கோ. எல்எஸ் காட்டுகிற வரியில் பெர்மிஷனுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் அடையாளம் தெரிந்தால் விதி ஏறிவிட்டது.

நேற்று இரவு கறண்ட் போய் வந்தது. இப்ப ஒண்டும் சேவ் ஆகுதில்லை, சூடோ போட்டும் சரிவரேல்லை. (பருத்தித்துறை)

"ரீட் ஒன்லி பைல் சிஸ்டம்" என்று வருகிறதா என்று பாருங்கோ. அப்படியென்றால் இது பெர்மிஷனே இல்லை. டிஸ்க்கில் பிழை கண்டதால், மேலும் கெடாமல் இருக்க லினக்ஸ் எழுதுவதை நிறுத்தியிருக்கிறது. தயவுசெய்து திரும்பத் திரும்ப எழுதக் கட்டாயப்படுத்தாதேங்கோ. வாசிக்க முடிகிறபோதே தேவையானதை வேறு டிஸ்க்குக்கு எடுங்கோ. பிறகு லைவ் யூஎஸ்பியில் (யூஎஸ்பியில் இருந்தே ஓடுகிற லினக்ஸ்) இருந்து எழுப்பி, டிஸ்க்கைச் சோதித்துத் திருத்துகிற எப்எஸ்செக் ஓட்டுங்கோ. பாவனையில் இருக்கிற பார்ட்டிஷனில் அதை ஓட்டக்கூடாது.

விண்டோஸ் பார்ட்டிஷனில் மட்டும்தான் இந்தப் பிழை என்றால், விண்டோஸின் பாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி, அதை முழுமையாக ஷட் டவுன் செய்துவிட்டு வாங்கோ.

சித்தப்பா கனடாவில இருந்து கொண்டுவந்த ஹாட் டிஸ்க்கில அம்மம்மாட படங்கள் இருக்கு. அவரும் லினக்ஸ்தான் பாவிக்கிறவர். எனக்குத் திறக்குதில்லை, உரிமையாளர் எண்ட இடத்தில 1001 எண்டு நம்பர் நிக்குது. (நல்லூர்)

லினக்ஸ் டிஸ்க்கில் ஆளின் பெயரை எழுதுவதில்லை, நம்பரைத்தான் எழுதுகிறது. சித்தப்பாவின் கொம்பியூட்டரில் 1001 என்றால் அவர். உங்கட கொம்பியூட்டரில் அந்த நம்பருக்கு ஆளே இல்லை, நீங்கள் அநேகமாக 1000. டிஸ்க்கில் உள்ள மூலப் பிரதியில் கை வைக்க வேண்டாம். சூடோவோடு படங்களை உங்கட போல்டருக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதிக்கு மட்டும் சிஎச்ஓன் கட்டளையால் உங்களை உரிமையாளர் ஆக்குங்கோ. டிஸ்க் திரும்பக் கனடாவுக்குப் போகும்போது அவருக்கு அங்கே ஒரு கரைச்சலும் வராது.

எக்ஸ்பெட் முறையில் போர்மட் செய்த டிஸ்க் என்றால் கதை வேறு. அதில் லினக்ஸ் பெர்மிஷனை எழுதிவைக்க இடமே இல்லை. மவுண்ட் செய்யும்போது (டிஸ்க்கைச் சிஸ்டத்தோடு இணைக்கும்போது) யூஐடி என்ற ஆளின் நம்பரும் யூமாஸ்க்கும் கொடுத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

சூடோ எக்கோ போட்டு ஒரு சிஸ்டம் பைலுக்குள் எழுதினால் "பெர்மிஷன் டினைட்". சூடோ போட்டும் ஏன்? (மானிப்பாய்)

அம்புக்குறியால் (> அடையாளம்) பைலைத் திறப்பது உங்கட ஷெல், அதாவது நீங்கள் அடிக்கிற கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற நிரல். சூடோ எக்கோவுக்கு மட்டும்தான். எக்கோவின் வெளியீட்டைப் பைப்பால் (| அடையாளம்) அடுத்த கட்டளைக்கு விட்டு, சூடோ போட்ட டீ கட்டளையால் எழுதுங்கோ.

ரூட்டாலயும் ஒரு பைலை அழிக்க ஏலாமல் கிடக்கு. "ஒப்பரேஷன் நொட் பெர்மிட்டட்". (சுன்னாகம்)

எல்எஸ்ஏட்டிஆர் கட்டளையில் ஐ என்ற எழுத்து தெரிகிறதா பாருங்கோ. அது இருந்தால் ரூட்டும் மாற்றவோ அழிக்கவோ முடியாது. சிஎச்ஏட்டிஆரில் கழித்தல் ஐ கொடுத்தால் பூட்டுக் கழரும். ஆனால் பூட்டினது யார்? நீங்களோ கூட வேலை செய்பவரோ இல்லையென்றால், கழற்ற முன்னம் அந்தப் பைலுக்குள் என்ன இருக்கிறது என்று வாசியுங்கோ. சேர்வருக்குள் களவாகப் புகுந்த நிரல்கள் தங்களை அழிக்கவிடாமல் இதே பூட்டைப் போடுவது உண்டு.

டெம்ப் போல்டருக்குள்ள நான் உருவாக்கின பைலுக்கு, ரூட் ஷெல்லில இருந்து அம்புக்குறியால எழுதினால் "பெர்மிஷன் டினைட்". பைலுக்கு 666. ரூட்டுக்கே இல்லையெண்டா வேற ஆருக்கு? (திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவன்)

நல்ல கேள்வி தம்பி. இதே பிழையோடு நான் ஒரு முழு இரவு இருந்திருக்கிறேன். 2018 இல் வந்த கேர்னல் 4.19 இல் புரொடெக்டட் ரெகுலர் என்ற காவல் சேர்ந்தது. எல்லாரும் எழுதக்கூடிய, ஸ்டிக்கி பிட் (ஒருவரின் பைலை மற்ற யூஸர்கள் அழிக்கவிடாத குறி) உள்ள, டெம்ப் போன்ற போல்டரில், இன்னொருவருக்குச் சொந்தமான பைலை "இல்லாவிட்டால் உருவாக்கு" என்ற முறையில் திறக்க ரூட்டையும் அது விடாது. ஷெல்லின் ஒற்றை அம்புக்குறி அப்படித்தான் திறக்கும். ரூட்டின் ஸ்கிரிப்ட் எழுதப்போகிற பெயரில் வேறொருவர் முன்கூட்டியே பைல் வைத்து ஏமாற்றக்கூடாது என்பதற்காக வந்த காவல் இது, ஆகவே நிறுத்தாதேங்கோ. ஸ்கிரிப்டை, யாரும் ஊகிக்க ஏலாத புதுப் பெயரில் பைல் உருவாக்குகிற எம்கேடெம்ப் பாவிக்கும்படி மாற்றுங்கோ.

அக்கா, பிழை விட்டிட்டன். ஒரு பைல் திறக்கேல்லை எண்டு, சாய்கோட்டில (எல்லாப் போல்டருக்கும் மேல இருக்கிறது) இருந்து முழுக்க 777 குடுத்திட்டன். இப்ப சூடோவும் இல்லை, எஸ்எஸ்எச்சும் இல்லை. (காரைநகர்)

பயப்படாதேங்கோ, உங்கட பைல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. போனது சிஸ்டத்தின் ஒழுங்கு. சூடோ வேலை செய்வதற்கு அந்த நிரலின் பெர்மிஷனில் செட்யூஐடி என்ற பிட் வேண்டும், அந்தப் பிட்டோடு சேர்த்து நிரலின் எண் 4755. 777 அதை அழித்துவிட்டது. தூரத்தில் இருந்து உள்ளே வர உதவுகிற எஸ்எஸ்எச், தன் சாவிப் பைலை மற்றவர்களும் வாசிக்கலாம் என்று கண்டால் அந்தச் சாவியைத் தொடாது. இப்படி எத்தனை பைலுக்கு எத்தனை விதமான எண் இருந்தது என்று ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து திருத்த முடியாது. திருத்தினது போலத் தெரிந்தாலும் எங்கோ ஒரு கதவு திறந்தே கிடக்கும்.

லைவ் யூஎஸ்பியில் எழுப்பி ஹோமைப் பிரதி எடுங்கோ, சிஸ்டத்தைப் புதிதாகப் போடுங்கோ. ஹோமைத் திரும்ப வைத்தபிறகு போல்டர்களுக்கு 755, பைல்களுக்கு 644, எஸ்எஸ்எச் போல்டருக்கு 700, சாவிக்கு 600. யூஎஸ்பி செய்ய வேறு கொம்பியூட்டர் இல்லையென்றால் சனிக்கிழமை பின்னேரம் அச்சகத்துக்கு வாங்கோ. என்னிடம் உபுண்டு போட்டது ஒன்று இருக்கிறது, பிரதி எடுக்க வெறும் டிஸ்க் ஒன்றை மட்டும் கொண்டுவாங்கோ.