‘38 தொகுதி, புதிய பதிப்பு’: வாங்கலாமா?

கேள்வி: இறையியல் பட்டயப் படிப்பில் 2ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வாழ்ந்த ஆயர் அந்தியோக்கியா இஞ்ஞாசியாரின் கிறிஸ்தியல் (கிறிஸ்து யார் என்பது பற்றிய போதனை) குறித்துக் கட்டுரை எழுதுகிறேன். திருச்சபைத் தந்தையர் (தொடக்ககாலக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள்) நூல்கள் ஆங்கிலத்தில் 38 தொகுதி, 2021 பதிப்பு என்று ஒருவர் மொத்தமாக விலை பேசுகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அது காப்புரிமை முடிந்த 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு. முதல் 10 தொகுதிகள், ராபர்ட்ஸும் டொனால்ட்சனும் 1867 முதல் எடின்பரோவில் வெளியிட்ட வரிசையின் அமெரிக்கப் பதிப்பு. மீதி 28 ஃபிலிப் ஷாஃப் தொடங்கிவைத்தவை. எல்லாமே கிறிஸ்டியன் கிளாசிக்ஸ் ஈதீரியல் லைப்ரரி இணையதளத்தில் இலவசம். அதை ஸ்கேன் செய்து, அட்டை மாற்றி, புது வருடம் போட்டு விற்கிறார்கள். இத்தகைய அச்சில் கிரேக்கச் சொற்கள் குப்பையாக வரும், அடிக்குறிப்பு நடுவில் அறுந்திருக்கும். சந்தேகம் இருந்தால் இரண்டாம் தொகுதியைக் கேளுங்கள். அலெக்சாந்திரியா கிளமெந்தின் ‘ஸ்ட்ரோமாட்டா’ மூன்றாம் நூல் ஆங்கிலத்தில் இல்லாமல் லத்தீனில் இருந்தால் அதே பழைய சரக்குதான். பாலுறவு பற்றிய பகுதி என்று அன்றைய மொழிபெயர்ப்பாளர் கிரேக்க மூலத்தை ஆங்கிலமாக்காமல் லத்தீனில் போட்டுவிட்டார்.

உங்கள் கட்டுரைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து முதல் தொகுதியில் இருக்கிறது. இஞ்ஞாசியாரின் ஏழு கடிதங்களுக்கும் அதில் குறுவடிவம், நீள்வடிவம் இரண்டும் அருகருகே அச்சாகியிருக்கும். நீள்வடிவம் 4ஆம் நூற்றாண்டில் யாரோ இடைச்செருகியது. எபேசியர் கடிதம் 7ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். குறுவடிவத்தில் ‘மருத்துவர் ஒருவரே, உடலும் ஆவியும் உள்ளவர்’ என்று தொடங்கும் வரி முழுக்கக் கிறிஸ்துவைப் பற்றியது. நீள்வடிவத்திலோ மருத்துவர் ‘பிறவாதவரான ஒரே மெய்க் கடவுள்’, அதாவது தந்தை. கிறிஸ்து அதற்குப் பிறகுதான் வருகிறார். இதை எடுத்துப் போட்டால் தந்தை, மகன் உறவு பற்றிய இருநூறு ஆண்டு பிந்திய சர்ச்சையை இஞ்ஞாசியார் வாயில் திணித்ததாகிவிடும். கட்டுரையின் அடித்தளமே போச்சு.

நீள்வடிவத்தைத் தொடவே கூடாதா? ஒரே ஒரு சூழலில் தொடலாம். 4ஆம் நூற்றாண்டில் இஞ்ஞாசியாரின் பெயரை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதே உங்கள் வாதமாக இருந்தால், அதுதான் சான்று. அப்போதும் ‘நீள்வடிவம், 4ஆம் நூற்றாண்டு’ என்று மேற்கோளை ஒட்டியே எழுதுங்கள், பின்னிணைப்பில் ஒளிக்காதீர்கள். அதே தொகுதியில் தர்சு நகரத்தார், கன்னி மரியா ஆகியோருக்கு எழுதியதாக உள்ள கடிதங்கள் போலி, ஒதுக்கிவிடுங்கள்.

அமெரிக்கப் பதிப்பின் குறிப்புகளில் பல, அதன் பதிப்பாசிரியர் ஆயர் காக்ஸ் சேர்த்தவை. திருத்தந்தை ஆட்சிக்கு எதிரான அவருடைய வாதங்களைத் தந்தையரின் கருத்தாக எடுத்துவிடாதீர்கள்.

உங்களுக்குத் தேவை ஒரே ஒரு புத்தகம்: லோப் (மூலமும் ஆங்கிலமும் எதிரெதிராக வரும் நூல்வரிசை) வரிசையில் பார்ட் எர்மன் 2003இல் வெளியிட்ட ‘அப்போஸ்தலிக் ஃபாதர்ஸ்’ முதல் தொகுதி. இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் ஆங்கிலம். கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பாடத்திட்டத்தில் இன்னும் அந்த 1885 அமெரிக்கப் பதிப்பையே போட்டுவைத்து, மாணவரைத் தரகரிடம் அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

மேற்கோளுக்குப் பக்க எண் மட்டும் போதாது, பதிப்புக்குப் பதிப்பு அது மாறும். ‘இஞ்ஞாசியார், எபேசியர் 7:2’ என்று அதிகாரமும் பிரிவும் கொடுத்து, மொழிபெயர்ப்பாளர் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் கட்டுரை வழிகாட்டி, பக்க எண்ணும் கேட்டால் அதைக் கடைசியில் போடுங்கள்.